ஊரும் வயதும் இனிஷியலும்

ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் டேட்டாபேஸைக் க்ளவுடுக்கு மாற்றுகிற வேலை வந்தால், முதலில் ஒரு எக்செல் தாளைத்தான் நிரப்புவோம். இடப்பக்கம் டேட்டாபேஸில் இருக்கும் பத்திகளின் பெயர்கள் வரிசையாக இருக்கும். வலப்பக்கம் ஒரே ஒரு கேள்வி: இது சென்சிட்டிவா, இல்லையா? ‘ஆம்’ என்று எழுதினால் அந்தப் பத்திக்குத் தனிப் பூட்டு, தனிச் சாவி, தனிச் செலவு. ‘இல்லை’ என்று எழுதினால் மற்றவற்றோடு சேர்ந்து கிடக்கும். உள்ளே நுழைய அனுமதி உள்ள யாரும் வாசிக்கலாம்.

சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு தாள் ஏற்கெனவே நிரப்பப்பட்டு என்னிடம் வந்தது. கிரெடிட் கார்டு எண், ஆம். பாஸ்வேர்டு, ஆம். ஆதார், பான், வங்கிக் கணக்கு எல்லாம் ஆம். ஊர், இல்லை. வயது, இல்லை. இனிஷியல், இல்லை. அலைபேசி எண்ணுக்கு நேராக ‘ஓரளவு’ என்று இருந்தது. நோய்க் குறியீட்டுக்கு நேராக ‘வெறும் எண்தான், இல்லை’ என்று எழுதியிருந்தார்கள். நோய்களுக்கு உலக சுகாதார நிறுவனம் கொடுத்திருக்கும் ஐசிடி குறியீடு அது. பத்தாம் பதிப்பில் ஓ04 என்றால் மருத்துவக் கருக்கலைப்பு. இணையத்தில் தேடினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

தாளை நிரப்பியவர்கள் ஐந்து பேரும் ஆண்கள். கெட்ட எண்ணம் ஏதும் இல்லாதவர்கள், வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர்களும் அதில் உண்டு. தங்களுடைய எது திருடு போனால் தங்களுக்கு நஷ்டம் என்று யோசித்து நிரப்பியிருக்கிறார்கள். கார்டு எண் போனால் பணம் போகும். அலைபேசி எண் போனால் கடன் வேண்டுமா என்று கேட்டு நாலு அழைப்பு வரும், அவ்வளவுதான். 2017 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்திலிருந்து ஒரு செய்தி வந்தது, நினைவிருக்கலாம். ரீசார்ஜ் செய்ய வரும் பெண்களின் எண்களைக் கடைக்காரர்கள் ஆண்களுக்கு விற்றார்கள். சாதாரணப் பெண் என்றால் 50 ரூபாய், அழகான பெண் என்றால் 500 ரூபாய். ‘ஓரளவு’ சென்சிட்டிவான அதே பத்து இலக்கம்தான்.

அந்தக் கூட்டத்தில் இன்னொரு சமாதானமும் சொன்னார்கள். “ஆய்வுக்குக் கொடுக்கிற பிரதியில பேரை எடுத்துட்டோமே மேடம், அப்புறம் என்ன?”

1990களில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலமும் இப்படித்தான் சொன்னது. அரசு ஊழியர்களின் மருத்துவமனைப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, கேம்பிரிட்ஜ் நகரத்தின் வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கினார். பிறந்த தேதி, பால், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்து, மாநில ஆளுநர் வில்லியம் வெல்டின் மருத்துவப் பதிவையே கண்டெடுத்தார். அந்த மூன்று விவரம் போதும், அமெரிக்கர்களில் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று பிறகு கணக்கிட்டும் காட்டினார்.

கேம்பிரிட்ஜுக்கு 20 டாலர் ஆயிற்று. எங்கள் ஊருக்கு அதுவும் வேண்டாம். நான் சிதறால்காரி. குழித்துறை ஸ்டேஷனில் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவள். ஊர் சிதறால், பெண், வயது 34, இனிஷியல் ஜே என்று ஒரு வரி கொடுத்தால் எங்கள் அம்மை அது எந்த வீடு, எந்த வருடம் கல்யாணம், மாப்பிள்ளை எந்த ஊர் என்பதுவரை சொல்லிவிடுவாள். அம்மையை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிப்போக முடியாததால் நானே சொன்னேன். சிரித்தார்கள். சிரித்த பிறகு ஊர், வயது இரண்டையும் ‘ஆம்’ என்று மாற்றினார்கள். வயது ஐந்தாண்டு இடைவெளியாகவும் ஊர் மாவட்டமாகவும் ஆயிற்று. இனிஷியலுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் வாதாட வேண்டியிருந்தது. ஒரு பெண்ணின் இனிஷியல் என்பது அவள் யாருடைய மகள் அல்லது மனைவி என்பதன் சுருக்கம் என்று அவர்களுக்கு விளங்கவைக்கத்தான் அந்த ஒரு வாரம்.

வெளியே என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 செப்டம்பரில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணங்கள் டெலிகிராமில் சாட்பாட் வழியாகக் கிடைப்பதை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. கேட்டால் எடுத்துக் கொடுக்கும் தானியங்கிக் கணக்கு அது. ராய்ட்டர்ஸ் சோதித்தபோது 1,500க்கும் மேற்பட்ட கோப்புகளை இறக்கிக்கொள்ள முடிந்தது. பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டை நகல், பரிசோதனை முடிவு, நோய் விவரம் எல்லாம் அவற்றில் இருந்தன. தன்னிடம் 3.1 கோடிப் பேரின் விவரம் இருப்பதாக அந்தக் கணக்கை நடத்திய ஹேக்கர் சொன்னார். பரவலான பாதிப்பு இல்லை, சென்சிட்டிவான விவரங்கள் பாதுகாப்பாகவே உள்ளன என்பது நிறுவனத்தின் முதல் பதில். சென்னை உயர் நீதிமன்றத்தில் டெலிகிராம்மீதும் ஹேக்கர்மீதும் வழக்குத் தொடுத்துத் தடையும் வாங்கினார்கள். அந்தப் பதிலில் ‘சென்சிட்டிவ்’ என்ற சொல் எதைக் குறித்தது என்று நான் வெகுநேரம் யோசித்திருக்கிறேன். என் எக்செல் தாள் ஞாபகம் வந்தது.

இரண்டு வருடம் முன்னதாக, 2022 அக்டோபரில், ஆஸ்திரேலியாவின் மெடிபேங்க் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து 97 லட்சம் பேரின் விவரம் திருடப்பட்டது. கேட்ட பணம் கிடைக்காததால் நவம்பரில் திருடர்கள் ஒவ்வொரு கோப்பாக வெளியிட்டார்கள். அதில் ஒரு கோப்புக்கு அவர்கள் வைத்த பெயர் ‘கருக்கலைப்புகள்’. லட்சக்கணக்கான வரிகளுக்குள் எதை எடுத்துக் காட்டினால் ஒரு நிறுவனம் பதறும் என்று திருடர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கள் தாளை நிரப்பியவர்களைவிட அவர்கள் வகைபிரித்தது துல்லியம்.

ஆனால் இந்தப் பெரிய செய்திகளால் ஒரு கெடுதலும் உண்டு. திருடன் எப்போதும் வெளியிலிருந்து, தூர தேசத்திலிருந்து, முகமூடியோடு வருவான் என்று நினைக்கப் பழகிவிடுகிறோம். பாதுகாப்புக்கான பணம் முழுவதும் சுற்றுச்சுவருக்குப் போகிறது. எங்கள் குடும்பத்தில் நடந்ததற்கு எந்தச் சுவரும் தேவைப்படவில்லை.

என் சித்தி மகளைப் பற்றி எழுதுகிறேன். அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். சில விவரங்களை மாற்றியிருக்கிறேன், எவற்றை மாற்றுவது என்பதையும் அவளே சொன்னாள். எனக்கு மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவேன். இரண்டு பிள்ளைகள். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை. விடுப்பில் வந்து போன பிறகு அவளுக்கு மூன்றாவதாக நாள் தள்ளிப்போயிற்று. அவரிடம் போனில் பேசினாள். வேண்டாம் என்று முடிவெடுத்தாள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு இந்த விஷயத்தில் அவள் சம்மதம் மட்டும் போதும், கணவனின் கையெழுத்து தேவையில்லை என்றுதான் 1971ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் அந்த மருத்துவமனையில் கேட்டார்கள். அவள் சட்டத்தைச் சொன்னாள், விட்டுவிட்டார்கள். ஊர்க் கண்ணில் படக்கூடாது என்று மார்த்தாண்டத்தில் பார்க்காமல் பஸ் ஏறித் தூரமாகப் போய்ப் பார்த்துக்கொண்டாள்.

அந்த மருத்துவமனைக்குப் பல கிளைகள். எல்லாக் கிளைக்கும் ஒரே டேட்டாபேஸ், க்ளவுடில். இன்னொரு கிளையின் பில் கவுண்டரில் அவளுக்குக் கொழுந்தன் முறையாகும் ஒரு பையன் இருந்தான். வேலையில்லாத மதிய நேரத்தில் ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்திருக்கிறான். நம்ம ஊரிலிருந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்க்கிற ஆசைதான், வேறு திட்டம் எதுவும் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அக்காவின் பெயர் வந்தது. பக்கத்திலேயே செய்த சிகிச்சையும் வந்தது.

அவள் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது மாமியார் திண்ணையில் உட்கார்ந்து விரல்விட்டு மாதம் எண்ணிக்கொண்டிருந்தார். மகன் விடுப்பு முடிந்து போன தேதியிலிருந்து.

“ஆரும் ஒண்ணும் கேக்கல பிள்ளே. எண்ணிப் பாத்தினும். அதுதான் எனக்குத் தாங்கல” என்றாள் என்னிடம்.

மருத்துவமனைக்குப் போனோம். கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார். எங்கள் டேட்டா முழுக்க என்கிரிப்ட் செய்யப்பட்டது மேடம், உலகத் தரம், யாராலும் உடைக்க முடியாது என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, அதுதான் வேடிக்கை. க்ளவுட் நிறுவனங்கள் தரும் பொதுவான மறையாக்கம் வட்டில் கிடக்கும் எழுத்துகளைக் குழப்பி வைக்கும். டேட்டா சென்டருக்குள் புகுந்து வட்டைக் கழற்றிக்கொண்டு போகிறவனுக்கு அதை வாசிக்க முடியாது. ஆனால் முறையான லாகினோடு உள்ளே வருகிறவருக்கு டேட்டாபேஸ் தானே குழப்பத்தை நீக்கி, தமிழில் கேட்டால் தமிழில், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில் படித்துக் காட்டும். அந்தப் பையனிடம் முறையான லாகின் இருந்தது. சிதறாலில் யார் வட்டைக் கழற்றப் போகிறார்கள்?

என் பதிவை யார் பார்த்தார்கள் என்று எழுத்தில் கொடுங்கள் என்று அக்கா கேட்டாள். அது பதிவாகவில்லை என்றார்கள். திருத்தினால்தான் பதிவாகும், பார்த்தால் பதிவாகாது.

இதே வார்த்தைகளை இன்னொரு பெண்ணும் கேட்டிருக்கிறாள். பின்லாந்தில், முப்பது வருடங்களுக்கும் முன்னால். அவள் பெயர் எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியக் கூடாது என்பதற்காகத் தீர்ப்பிலேயே ‘ஐ’ என்ற ஒற்றை எழுத்தால்தான் குறிப்பிடப்படுகிறாள். ஒரு அரசு மருத்துவமனையின் கண் பிரிவில் ஒப்பந்த நர்ஸ். அதே மருத்துவமனையின் தொற்றுநோய்ப் பிரிவில் எச்ஐவிக்குச் சிகிச்சை பெற்றுவந்தாள். 1992 தொடக்கத்தில், உடன் வேலைசெய்கிறவர்களுக்குத் தன் நோய் தெரிந்திருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. மருத்துவமனைப் பதிவேட்டை ஊழியர்கள் யாரும் திறக்கலாம் என்ற நிலைமை அப்போது. யார் திறந்தார்கள் என்று கேட்டாள். கடைசியாகத் திறந்த ஐந்து முறையை மட்டுமே கணினி வைத்திருந்தது. அதிலும் எந்தப் பிரிவு என்றுதான் இருக்கும், எந்த ஆள் என்று இருக்காது. கோப்பு ஆவணக் காப்பறைக்குத் திரும்பியதும் அதுவும் அழிந்துவிடும். நிரூபிக்க முடியவில்லை என்று சொல்லிப் பின்லாந்து நீதிமன்றங்கள் அவளைத் திருப்பி அனுப்பின. 2008 ஜூலை 17 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. யார் பார்த்தார் என்ற பதிவை வைக்காதது மருத்துவமனையின் குறை, அந்தக் குறையை வைத்தே அவள் வழக்கைத் தோற்கடிக்க முடியாது. பிறகு நஷ்டஈடு கேட்டுக்கொள்ளலாம் என்பது பாதுகாப்பு ஆகாது, வேண்டாதவர் திறக்கவே முடியாதபடி முதலிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

இந்தத் தீர்ப்பை நான் அச்செடுத்து அலுவலகத்தில் மேசையில் வைத்திருக்கிறேன். கிருஷ்ணர் படமும் வேளாங்கண்ணி மாதா படமும் வைத்திருப்பவர்களுக்கு நடுவில் அது ஒன்று.

அக்காவுக்காகச் சட்டம் தேடியபோதுதான் இன்னொன்றையும் கண்டேன். மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்தின்கீழ் 2003இல் வந்த ஒழுங்குவிதிகள். காகிதமும் மையும் மட்டும் இருந்த காலத்து மனநிலையில் எழுதப்பட்டவை. மருத்துவமனையில் ஒரே ஒரு அனுமதிப் பதிவேட்டில் மட்டும்தான் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கலாம். அந்தப் பதிவேடு ரகசிய ஆவணம், மருத்துவமனைத் தலைவரின் பொறுப்பில் பத்திரமாக இருக்க வேண்டும். நோயாளிக் குறிப்பு, அறுவை அரங்கப் பதிவேடு, மறுபரிசோதனை அட்டை என்று மற்ற எதிலும் பெயர் வரக்கூடாது. பதிவேட்டில் அவளுக்குக் கொடுத்த வரிசை எண்ணை மட்டுமே எழுத வேண்டும். சம்மதப் படிவம் உறையில் ஒட்டப்பட்டு, உறைமேல் ‘ரகசியம்’ என்று எழுதப்பட்டு, அந்த வரிசை எண்ணோடு பூட்டி வைக்கப்பட வேண்டும். துறை விசாரணைக்கோ குற்ற விசாரணைக்கோ வழக்குக்கோ உரிய அதிகாரியின் அல்லது நீதிபதியின் உத்தரவு இல்லாமல் பதிவேட்டை யாரும் புரட்ட முடியாது.

படித்துவிட்டுச் சிரித்துவிட்டேன். நாங்கள் டோக்கனைசேஷன் என்று பெரிய பெயர் வைத்து, வெள்ளைக்கார ஆலோசகர்களுக்குப் பணம் கொடுத்துக் கற்றுக்கொள்வது இதைத்தான். பெயர் ஒரு பெட்டகத்தில் தனியாக, தனிச் சாவியோடு இருக்கும். மற்ற எல்லா இடத்திலும் பொருளற்ற ஒரு எண் மட்டும் ஓடும். பில் போடுகிறவருக்கு எண்ணும் தொகையும் போதும். ஆய்வாளருக்கு எண்ணும் நோயும் போதும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் சிகிச்சை செய்யும் மருத்துவர் ஒருவர்தான். காகிதத்தில் இருந்த இந்த ஏற்பாடு கணினிக்கு மாறியபோது எங்கோ தொலைந்துபோயிற்று. கணினிமயம் என்றாலே எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் காட்டுவது என்று ஆகிவிட்டது. 2021 திருத்தம் அந்தப் பெண்ணின் பெயரை வெளிவிடும் மருத்துவருக்கு ஒரு வருடம்வரை சிறை என்கிறது. பில் மென்பொருளுக்கு என்ன தண்டனை?

அதன் பிறகு வந்த வேலைகளில் நான் மூன்று விஷயங்களுக்குச் சண்டை போடுகிறேன். முதலாவது, தேடுதல். ஊர்ப் பெயரைப் போட்டு நோயாளிகளைத் தேடும் வசதி பில் கவுண்டருக்கு எதற்கு? நோயாளி கையில் இருக்கும் எண்ணைப் போட்டால் அவர் ஒருவருடைய வரி மட்டும் வரட்டும். இதை டேட்டாபேஸிலேயே விதியாக வைக்கலாம். இந்தக் கிளை ஊழியருக்கு இந்தக் கிளை நோயாளி, அதுவும் இன்று வந்தவர், என்று வரிவரியாகக் கட்டுப்படுத்தலாம். திரையில் மறைத்தால் போதாது, திரைக்குப் பின்னால் போகத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவசரச் சிகிச்சைக்குத் தடையாகிவிடுமே என்று மருத்துவர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. அதற்குக் கண்ணாடி உடைத்துத் திறக்கும் தீயணைப்புப் பெட்டி போல ஒரு வழி வைக்கிறோம். யாரும் திறக்கலாம், ஆனால் காரணம் எழுதித் திறக்க வேண்டும், மறுநாள் அதை ஒருவர் உட்கார்ந்து வாசிப்பார்.

இரண்டாவது, பார்த்ததன் பதிவு. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இதற்குத் தனி நீட்சி ஒன்றைச் சேர்க்க வேண்டும். கூகுள் க்ளவுடில் பெரும்பாலான சேவைகளுக்கு வாசித்ததன் பதிவு நாமாக இயக்கும்வரை அணைந்தே இருக்கும். இயக்கினால் பதிவு மலைபோல் குவியும், அதைச் சேமிக்க மாதாமாதம் பணம் ஆகும். “இதையெல்லாம் யார் மேடம் படிக்கப்போறா?” என்று வாடிக்கையாளர் நிறுவனம் கேட்கும். படிக்க வேண்டியவள் ஒருத்தி என்றைக்காவது வந்து கேட்பாள் என்பேன். அந்தப் பதில் பட்ஜெட் கூட்டத்தில் செல்லாது என்பதால் இப்போதெல்லாம் சட்டப் பிரிவு எண்ணைச் சொல்கிறேன்.

மூன்றாவது, வைத்திருக்காமல் இருப்பது. 2025 ஜூலையில் அமெரிக்காவில் டீ என்ற செயலிக்கு நேர்ந்ததை வாசித்திருப்பீர்கள். பழகும் ஆண்களைப் பற்றிப் பெண்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்ளப் பெண்களுக்கு மட்டுமான செயலி. பெண்தான் என்று உறுதிப்படுத்த செல்ஃபியும் அடையாள அட்டையும் கேட்டு வாங்கினார்கள். அந்தப் பழைய படங்கள் பூட்டப்படாத ஒரு க்ளவுட் சேமிப்பில் அப்படியே கிடந்தன. 72,000 படங்கள் வெளியே போயின, அவற்றில் சுமார் 13,000 செல்ஃபிகளும் அடையாள அட்டைகளும். சில நாளில், கருக்கலைப்பு உட்படப் பேசிக்கொண்ட 11 லட்சம் தனிச் செய்திகளும் அம்பலமாகியிருந்தது தெரிந்தது. பாதுகாப்புக்காகவே வந்த பெண்கள். சரிபார்த்த அன்றே அழித்திருந்தால் கசிய ஒன்றும் இருந்திருக்காது. நம் ஊரில் கடன் குழுவுக்கு ஆதார் நகலும் புகைப்படமும் கொடுத்த பெண்களைக் கேட்டுப் பாருங்கள், கடன் முடிந்து எத்தனை வருடமானாலும் அந்த நகல் எங்கே இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. அண்டியாபீஸில் வேலை பார்த்த எங்கள் சித்தி ஆறு குழுக்களுக்குக் கொடுத்திருக்கிறாள்.

நான் இன்னும் வழி காணாத ஒன்றும் உண்டு. காப்பீட்டுப் பத்திரம் கணவன் பெயரில் இருக்கும். மனைவி அதில் ஒரு உறுப்பினர். அவள் எந்த மருத்துவமனைக்குப் போனாலும், எந்த வார்டில் சேர்ந்தாலும், குறுஞ்செய்தி அவர் போனுக்குப் போகும். டேட்டாபேஸின் கண்ணில் வாடிக்கையாளர் அவர்தான். வாடிக்கையாளர் விவரத்தைப் பாதுகாப்பது என்றால் மனைவியின் உடம்பைப் பற்றிய தகவலை அவருக்குத் தவறாமல் சேர்ப்பிப்பது என்று ஆகிறது. அடித்த கையிலிருந்து தப்பி வேறு ஊருக்குப் போனவள் அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்தால், அந்த மருத்துவமனையின் முகவரியும் அவருக்குப் போய்ச் சேரும். 18 வயது நிரம்பிய ஒவ்வொரு உறுப்பினருக்கும் தனி எண், தனி லாகின், குறுஞ்செய்தியில் நோய் விவரம் வராத ஏற்பாடு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பணம் கட்டுகிறவர் அவர்தானே என்ற பதிலுக்கு மேல் அது நகரவில்லை.

இப்படிப் பேசும்போது, எல்லாவற்றையும் மூடி வை என்று சொல்கிறேனோ என்று தோழிகள் சிலர் கேட்டிருக்கிறார்கள். குடும்ப மானம் என்ற பெயரில் மூடி வைக்கச் சொல்லப்பட்டவை நமக்குத் தெரியாதா என்ன? வீட்டுக்குள் நடந்த அடியும் உதையும் ‘உள்விவகாரம்’ ஆனது அப்படித்தான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று சொன்ன புட்டசாமி தீர்ப்பிலேயே, ஆணாதிக்கத்துக்குத் திரையாக அந்தரங்கம் ஆகிவிடக்கூடாது என்ற பெண்ணிய விமர்சனம் பேசப்படுகிறது. மானம் என்கிறபோது முடிவு குடும்பத்தின் கையில் இருக்கிறது. நான் பேசுவது முடிவு அவள் கையில் இருப்பதைப் பற்றி. எங்கள் ஊர் மலைக்கோயிலில், சமணப் பள்ளியாக இருந்த காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டு. குணந்தாங்கிக் குரத்தி என்ற துறவி, அங்கிருந்த பெண் தெய்வத்துக்குப் பொன் அணிகள் கொடுத்ததைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறது. அரிட்டநேமி பட்டாரரின் மாணவி என்று தன்னை அடையாளம் சொல்கிறாள். தகப்பன் பெயரும் இல்லை, கணவன் பெயரும் இல்லை. ஆயிரம் வருடத்துக்கு மேலாக யாரும் ஏறிப்போய்ப் படிக்கலாம். ஒரு பெண்ணின் பெயர் பாறையில் இருப்பதில் எனக்கு ஆட்சேபணையே கிடையாது, அவள் வெட்டச் சொல்லி வெட்டியிருந்தால்.

இனி சட்டம். 2011ஆம் வருட விதிகள் உடல்நிலை, மருத்துவப் பதிவு, பாலியல் நாட்டம் முதலியவற்றைச் சென்சிட்டிவ் என்று தனியாகப் பட்டியலிட்டிருந்தன. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தத் தனிப்பட்டியல் இல்லை, எல்லாமே தனிநபர் தரவு. முதலில் இதைப் படித்தபோது கோபம் வந்தது. இப்போது பாதி சரி என்று நினைக்கிறேன். என் எக்செல் தாளின் வலப்பக்கக் கேள்வியே இல்லாமல் போனால் ஊரும் இனிஷியலும் கார்டு எண்ணும் ஒன்றாகிவிடும். 2025 நவம்பரில் வந்த விதிகள் மறையாக்கம், மறைத்துக் காட்டல், டோக்கன், யார் அணுகினார் என்ற பதிவு, அந்தப் பதிவை ஒரு வருடம் வைத்திருத்தல் ஆகியவற்றைப் பெயர் சொல்லியே கேட்கின்றன. முழுதாக நடைமுறைக்கு வருவது 2027 மே மாதத்தில். பாதுகாப்பில் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம்.

அந்த அபராதம் இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவளுக்கு நஷ்டஈடு கேட்க வழி கொடுத்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை இதே புதுச் சட்டம் நீக்குகிறது. பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுப்பவருக்கு 10,000 ரூபாய்வரை அபராதம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. யார் பார்த்தார் என்ற பதிவை நிறுவனம் வைத்திருக்க வேண்டும், சரி. அதைக் கேட்டு வாங்கும் உரிமை அவளுக்கு இருப்பதாக நான் படித்தவரையில் எங்கும் எழுதப்படவில்லை. எஸ்தோனியாவில் ஒரு நோயாளி தன் மருத்துவப் பதிவை எந்த மருத்துவர் எந்த நாளில் திறந்தார் என்று வீட்டிலிருந்தே பார்க்கிறாள். பெண்கள் இயக்கங்கள் அரசிடம் கேட்க வேண்டியது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அக்கா போன மாதம் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான் வரைவு கொடுத்தேன், அவள் பாதியை வெட்டிவிட்டாள். மூன்று கேள்விகள். என் பதிவை இப்போது எந்தெந்தப் பதவியில் இருப்பவர்கள் திறக்கலாம்? பார்த்தவர் பெயர் இனியாவது பதிவாகிறதா? 2003 விதிப்படி என் பெயர் இருக்கக்கூடாத இடங்களிலிருந்து அதை எடுத்துவிட்டீர்களா? இரண்டு வாரத்தில் பதில் வந்தது. அவளது அலைபேசி எண்ணைப் புதுப்பித்துவிட்டதாகவும், தங்கள் சேவையை மேம்படுத்த ஆலோசனை கூறியதற்கு நன்றி என்றும் இருந்தது.

“நான் நம்பர் மாத்தச் சொல்லலியே” என்றாள். அதே மூன்று கேள்விகளை மறுபடி எழுதி, இந்த முறை விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறாள். நகல் மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு.